தொண்டைப்பொட்டு

“இப்பத்தானுங்க சாப்ட்டு வந்தோம்” என்று பல்லடத்துப் பெரியப்பா மகன் ரத்தினவேல் சொன்னதும், நல்லசிவத்தின் காதிலிருந்த செவிமணி அதே ரத்தினவேலின் குரலில், “நல்ல பசி. ஆனால் நீ ஒரு முறைதான் கூப்பிட்டாய்” என்றது.

நல்லசிவத்துக்கு ஒரே சந்தோஷம். “பசிய வெச்சுக்கிட்டு எதுக்குண்ணா பொய்? உக்காருங்க, இலை போடச் சொல்றேன்” என்றார். ரத்தினவேலின் கை, தன் தொண்டையில் ஒட்டியிருந்த பொட்டுக்குப் போனது. அது அங்கே இருப்பதையே மனிதர் மறந்துபோயிருந்தார். உட்கார்ந்தார், சாப்பிட்டார், மறுசோறு வேண்டாம் என்று கையால் மறித்தார். பேச மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சூலூர்ப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

ரத்தினவேல் ஒருவர்தான் என்றில்லை. பொட்டின் புதிய வகையான ‘உட்பொருள் பதிப்பு’ வந்ததிலிருந்தே சொந்தபந்தங்களின் போக்குவரத்து குறைந்துகொண்டுதான் இருந்தது. “சேலை எடுப்பா இருக்குதுங்க்கா” என்றவளின் மனசில் இருந்த ‘இந்த நிறம் உனக்குப் பொருந்தவில்லை’ அக்காவின் காதில் விழுந்தது. “அவசியம் ஒரு நடை நம்ம வீட்டுக்கு வரோணும்” என்றவரின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. நல்லசிவம் இதையெல்லாம் வளர்ச்சி என்றே எடுத்துக்கொண்டார். அவருடைய கண்டுபிடிப்பு ஆயிற்றே, வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

கருவி இரண்டே உருப்படிகள். தொண்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு, காதில் செருகிக்கொள்ள ஒரு மணி. ஒரு சொல் வாய்க்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே, அதை என்ன அர்த்தத்தில் சொல்லப்போகிறோம் என்பது தொண்டைத் தசைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த மெல்லிய நடுக்கத்தைப் பொட்டு படித்து, கேட்பவரின் மணிக்கு அனுப்பும். மணி, சொன்னவரின் குரலிலேயே அர்த்தத்தை மட்டும் எடுத்துச் சொல்லும். உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கு இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் இங்கிலீஷ்.

நல்லசிவம் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், உடுமலைப்பேட்டையில் ஓர் உரக்கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. படியேறும்போதே யூரியா நெடி மூக்கில் ஏறும். லேத் பட்டறைப் பையன்கள், மில்லில் ஷிப்டு முடித்து வரும் பெண்கள், பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர்கள் என்று கலவையான கூட்டம். சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா மிஸ் அவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். வெள்ளிக்கிழமை என்றால் ‘ஒரே சத்தம், வேற வேற அர்த்தம்’ என்பதுதான் பாடம். வாரமும் வீக், பலவீனமும் வீக். மகனும் சன், சூரியனும் சன். துண்டு போட்டாலும் பீஸ், சமாதானமாகப் போனாலும் பீஸ்.

“காதுக்கு எல்லாம் ஒண்ணுதான மிஸ், எப்படிங்க கண்டுபிடிக்கறது?” என்று ஒரு பட்டறைப் பையன் கேட்டான்.

“சொல்றவங்க மொகத்தப் பாருங்க. பாதி அர்த்தம் அங்கதான் இருக்கும்” என்றாள் ஜெசிந்தா மிஸ்.

நல்லசிவம் அந்த அறிவுரையை மிக உண்மையாகக் கடைப்பிடித்தார். அவர் பார்த்த முகம் பக்கத்து பெஞ்சிலிருந்த தாரணியுடையது. இரண்டிரண்டு பேராக எழுந்து நின்று, ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல மற்றவர் அர்த்தம் சொல்ல வேண்டும். நல்லசிவம் நெஞ்சு படபடக்க, “ஐ வில் வெயிட்” என்றார். காத்திருப்பேன் என்று அவர் யாருக்குச் சொன்னார் என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தாரணி அதை நன்றாகப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் கேட்டாள்: “எத்தன கிலோ?”

வகுப்பு சிரித்தது. நல்லசிவமும் சிரித்தார். கல்யாணம் ஆன பிறகும் அந்தக் கிலோ அவர்களோடு குடிவந்தது. வேலையில் நேரமாகிவிட்டால் போனில், “கொஞ்சம் வெயிட் பண்ணு தாரணி” என்பார். “இன்னிக்கு எத்தன கிலோங்க?” என்பாள் அவள். ரொம்பவும் தாமதமானால், “ஒரு மூட்டை ஆயிப்போச்சுங்க, எறக்கி வெக்க ஆள் வேணும்” என்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் களைப்பு அதோடு போய்விடும். அப்படி ஒரு காலம் இருந்தது.

ஆனால் எல்லாச் சிரிப்பும் தாரணியின் சிரிப்பு ஆகிவிடுமா? கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு எழுதிய மெயிலில், சரக்கு ஒரு வாரத்தில் வரும் என்பதற்குப் பதிலாக ஒரு பலவீனத்தில் வரும் என்று எழுதிவிட்டார். யாரோ அதை அச்செடுத்து டீ மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். மேனேஜர் ஒவ்வொரு கூட்டத்திலும், “நல்லசிவம், இது எத்தன பலவீனத்துல முடியும்?” என்று கேட்பார். பட்டறை நன்றாகத் தெரிந்த மனிதன், வாயைத் திறக்கவே கூசிப்போய் நின்றான். அந்த அவமானத்திலிருந்துதான் பொட்டு பிறந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில், வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார்.

பொட்டு வந்த பிறகு யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வழியில்லை. எந்த வீக்கைச் சொன்னாலும் சரியான வீக் போய்ச் சேர்ந்தது. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் போயிற்று. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பேசினார்கள், சண்டை போட்டார்கள், கல்யாணம்கூடப் பேசி முடித்தார்கள். ஒருநாள் ஷெட்டிலிருந்து நல்லசிவம், “வெயிட் பண்ணு தாரணி” என்றார். அவள் காதில், “காத்திரு” என்று சுத்தமாக விழுந்தது. “சரிங்க” என்றாள். கிலோ போய்விட்டதை அன்றைக்கு இரண்டு பேருமே கவனிக்கவில்லை. வெகுநாள் கழித்து ஒரு மழைநாளில் அவருக்கு அது நினைவுக்கு வந்தபோது, மனசுக்கு என்னவோ போலிருந்தது. உடனே வேலையில் மூழ்கிவிட்டார்.

இங்கிலீஷைச் சரிசெய்த கருவி தமிழை மட்டும் விட்டுவைக்குமா? அப்படித்தான் உட்பொருள் பதிப்பு வந்தது. சொல் எதுவானாலும் மனசில் உள்ளதே காதில் விழும். வெளியாவதற்கு முன்பே தாரணி ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அப்போது அவள் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் மாத்திக்கங்க. ‘போயிட்டு வர்றேன்’ங்கறத மட்டும் உட்டுருங்க.”

“ஏன், அதுக்கென்ன வந்துச்சு? மில்லுக்குப் போறவன் சொன்னா, ‘சாயங்காலம் வந்துவிடுவேன்’னு காதுல உழுகும். அதவிடத் தெளிவா வேறென்ன வேணும்?”

“வராதவங்க சொன்னா?”

“வராதவங்க எதுக்கு வர்றேன்னு சொல்லோணும்?” என்றார் நல்லசிவம். தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்ற திருப்தி அவருக்கு.

தாரணி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, தொண்டையிலிருந்த பொட்டை உரித்தாள். காதிலிருந்த மணியையும் கழற்றி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் அவற்றைத் தொடவில்லை. உலகத்துக்கே பொட்டு வைத்தவரின் வீட்டுக்காரி வெறும் தொண்டையோடு திரிவதை ஊர் கேலி பேசியது. நல்லசிவத்துக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், இதழி. பொட்டோடு வளர்ந்த தலைமுறை. எந்த வீக் எது என்று அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நிலத்தடி நீர் பற்றிப் படித்தவள். நிலவின் தென்கோடியில், வெயிலே படாத பள்ளங்களில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் தளத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஈர்ப்பு குறைவு, உடம்பின் கனமும் குறைவு. நெடுங்காலம் இருந்துவிட்டால் எலும்பு இளகிப்போய், பூமியில் எழுந்து நிற்கவே முடியாது. அதனால் அந்தத் தளத்துக்கு இரண்டு விதமாக ஆள் எடுத்தார்கள். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. ஆழமான பள்ளங்களில் வேலை செய்ய, திரும்பவே வருவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை.

‘ரெண்டு வருஷம்தான்ப்பா’ என்று இதழி செய்தி அனுப்பியிருந்தாள். எழுதித்தான் அனுப்பினாள். விடைபெற வீட்டுக்கு வந்திருந்த நாட்களில் நல்லசிவம் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் தலையைத்தான் ஆட்டினாள். அவள் வாயால் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. பல தேசத்து ஆட்களோடு போகிற பயணம் என்பதால், அவள் பொட்டைத் தோலோடு பதித்து அனுப்பியிருந்தார்கள். நிலவில் இறங்கும்வரை அதை எடுக்க முடியாது.

கிளம்புகிற அன்று காலையில் தாரணி மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். பிறகு தன் காதிலிருந்த கல்யாணக் கம்மலைக் கழற்றி மகளுக்குப் போட்டாள்.

“ரெண்டு வருசத்துக்கு எதுக்கு இது? அங்க யாரு பாக்கப் போறா?” என்றார் நல்லசிவம்.

“போட்டுக்கட்டும், இருங்க” என்றாள் தாரணி.

இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பின்னால் வந்து நின்ற இதழி, அவர் காதிலிருந்த மணியை மெதுவாக எடுக்கப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன கண்ணு, உங்கம்மா சொல்லிக்குடுத்தாளா? செஞ்சவனே கழட்டி வெச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

இதழி இன்னொரு முறை முயன்றாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார், விளையாட்டு என்றே நினைத்தார். எதற்காக அதை எடுக்கப் பார்க்கிறாள் என்று அவளால் சொல்லவும் முடியாது. சொன்னால் பொட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவள் அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

தானோட்டி வண்டி வாசலில் வந்து நின்றது. பையை ஏற்றிவிட்டு, நல்லசிவத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளில் முகத்தை வைத்து அழுத்தினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை நோக்கி நடந்தாள்.

“ஏங்கண்ணு, சொல்லிட்டுப் போகமாட்டியா?”

இதழி திரும்பிக் கையை ஆட்டினாள்.

“கையாட்டறதெல்லாம் ஆகாது. கெளம்பறப்ப வாய் தொறந்து சொல்லிட்டுப் போகோணும். நம்மூட்டுல யாரு சொல்லாமப் போயிருக்கா?”

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தாரணி, “உடுங்க, நேரமாச்சு” என்றாள். நல்லசிவம் விடவில்லை. சொல்லாமல் படியிறங்கினால் அந்தப் பயணம் நல்லபடியாக முடியாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. எத்தனை கருவி செய்தாலும் அது மாறுமா? “அப்பாகிட்டச் சொல்லு சாமி” என்றார்.

இதழி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“போயிட்டு வர்றேன்ப்பா” என்றாள் இதழி.

செவிமணி ஒளிவுமறைவு இல்லாத கருவி. அவளுடைய குரலிலேயே, அவருக்குப் பழக்கமான அந்தத் தெளிவோடு, அது சொன்னது: “நான் திரும்பி வரமாட்டேன், அப்பா. உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.”

வர்றேன் என்று ஒருவர் சொன்னால் பதில் தானாக வந்துவிடும். அதற்கு யோசிக்க வேண்டியதில்லை. “போயிட்டு வா கண்ணு” என்று நல்லசிவத்தின் வாய் சொல்லிவிட்டது.

இதழியின் கை தன் காதுக்குப் போனதை அவர் பார்த்தார். அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் செய்த பொருளாயிற்றே. “போகாதே. என்னை விட்டுப் போகாதே” என்று அவருடைய குரலில் அது கெஞ்சியிருக்கும். அவள் ஒரு காலை வண்டிக்குள் வைத்தபடி அப்படியே நின்றாள். ஆசைப்பட்டுப் படித்து, அதற்காகவே உழைத்துப் பெற்ற வேலை. அந்த முகத்தில் இப்போது, உள்ளே வைத்த காலை எடுத்துவிடலாமா என்ற யோசனை ஓடுவதை நல்லசிவம் கண்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரு முகத்தை அவர் பார்த்துப் படித்தார்.

அவள் நின்றுவிட்டால் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டியிருக்கும்.

தொண்டைப் பொட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தார். தோல் எரிந்தது. காதிலிருந்த மணியையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, வெறும் தொண்டையை நிமிர்த்திக்கொண்டு, மறுபடியும் சொன்னார்.

“போயிட்டு வா கண்ணு.”

இந்தத் தடவை சொல் மட்டும் போயிற்று. அதன் பின்னால் இருந்ததெல்லாம் அவரோடேயே நின்றுகொண்டது.

இதழி மற்றக் காலையும் வண்டிக்குள் எடுத்து வைத்தாள். “வர்றேன்ப்பா” என்றாள். அவருக்கும் அது மட்டும்தான் கேட்டது. வண்டிக் கதவு மூடிக்கொண்டது.

வண்டி முக்கில் திரும்பும்வரை இரண்டு பேரும் கேட்டருகே நின்றார்கள்.

“ரெண்டு வருசம்ங்கறது கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிருமுங்க” என்றாள் தாரணி.

“ஆமா. வந்துருவா” என்றார் நல்லசிவம். நாக்கு இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லும் என்று அவருக்கே தெரியாது.

“சோறு மேசைல எடுத்து வெச்சிருக்கறனுங்க. நான் மாரியம்மன் கோயிலுக்கு ஒரெட்டுப் போயிட்டு வந்தர்றேன்.”

அவள் போன பிறகு அவர் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தார். மேசை மேல் உலகம் கொண்டாடிய அந்தக் கருவியின் முதல் மாதிரி கிடந்தது. பழைய டீ மெஷின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இப்போது அது அவ்வளவாக வலிக்கவில்லை. உரக்கடை மாடியில் கேட்ட சிரிப்புத்தான் வலித்தது. ஒரு சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்த காலத்தில், எது என்று தெரிந்துகொள்ள எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத்தான் அவர் உலகத்துக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருந்தார்.

பிறகு கம்மலின் நினைவு வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் காதைவிட்டு இறங்காத கம்மல். இரண்டு வருஷத்தில் திரும்பி வருகிற பெண்ணுக்கு அதை யாராவது கழற்றிப் போடுவார்களா? மகள் பார்த்தபோது தாரணி தரையைப் பார்த்ததும், விட்டுவிடச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. தலை பின்னும்போதே, அல்லது அதற்கும் முன்னாலேயே, பெண்ணின் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ‘ரெண்டு வருசம் ஓடிரும்’ என்றாள். அதை அவருக்காகச் சொல்லியிருக்கிறாள். அவரும் அவளுக்காகவே சொல்லியிருந்தார். ‘வராதவங்க எதுக்கு வர்றேன்னு சொல்லோணும்’ என்று அன்றைக்குக் கேட்ட தன் கேள்விக்கு, இவ்வளவு தாமதமாகப் பதில் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பொட்டையும் மணியையும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், தாரணி வைத்திருந்தவற்றோடு சேர்த்து வைத்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு தாரணி வந்தாள். நெற்றியில் குங்குமமும் கையில் ஒரு முழம் பூவுமாக உள்ளே வந்தவள், செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்.

“சாப்ட்டீங்களா?”

“ஆச்சு ஆச்சு” என்றார் நல்லசிவம்.

தாரணி மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எதிரில் வந்து நின்று, அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, பூவைச் சாமி படத்துக்கு வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.